பெஞ்ச்ல காத்திருக்கணுமா, கிளப் மாறணுமா? ஒரு ஆடிட்டரோட கணக்கு



"வேலை மாறலாமா, இங்கேயே இருக்கலாமா?" வீடியோவுக்கு அப்புறம் நிறைய மெயில் வந்தது. பெரும்பாலும் ஐ.டி., பேங்க், சேல்ஸ்ல இருக்கிறவங்க. அதுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தது. எழுதினவர் ஒரு அப்பா. பையனுக்கு 19 வயசு, ஃபுட்பால் ப்ளேயர். ஒரு பெரிய கிளப்ல இருக்கான், ஆனா ரெண்டு சீசனா பெஞ்ச்தான். இப்போ அந்த கிளப் மாசம் 60,000 ரூபாய் தர்றோம், 3 வருஷத்துக்கு கையெழுத்துப் போடுன்னு சொல்லுது. கீழ் லெவல் லீக்ல ஆடுற இன்னொரு கிளப்பும் கூப்பிடுது. அங்க 35,000 ரூபாய், 2 வருஷம், ஆனா டீம்ல இடம் இருக்கு. வீட்டு லோன் இ.எம்.ஐ.ல 18,000 ரூபாய் பையன் சம்பளத்துல இருந்துதான் போகுது. "சார், நாங்க என்ன பண்ணட்டும்?"

வீடியோல ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது. அதனால இங்க விரிவா எழுதறேன். ஃபுட்பால் தெரியாதவங்களும் படிக்கலாம். கடைசியில இது எல்லாருக்குமான கணக்குதான்.

ஒரே டீம், மூணு முடிவு

2017 அக்டோபர்ல 17 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம்ம இந்தியாவுலதான் நடந்தது. ஃபைனல் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல, 66 ஆயிரத்துக்கும் மேல கூட்டம். ஸ்பெயின் 2-0ன்னு முன்னால இருந்தாங்க. இங்கிலாந்து திருப்பி அடிச்சு 5-2ன்னு ஜெயிச்சாங்க.

அந்த இங்கிலாந்து டீம்ல மூணு பசங்களைப் பார்ப்போம். ஃபில் ஃபோடன், மான்செஸ்டர் சிட்டி. ஃபைனல்ல 2 கோல் போட்டு, டோர்னமென்ட்டோட சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினவர். காலம் ஹட்சன்-ஒடோய், செல்சி. மூணாவது ஜேடன் சாஞ்சோ. அவர் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் சிட்டியை விட்டுட்டு ஜெர்மனியில இருக்கிற டார்ட்மண்ட் கிளப்புக்குப் போயிருந்தார். குரூப் மேட்ச் முடிஞ்சதும் டார்ட்மண்ட் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. அதனால ஃபைனல்ல அவர் இல்ல.

மூணு பேருமே 2000-ல பிறந்தவங்க. மூணு பேரும் கிட்டத்தட்ட ஒரே திறமைன்னு பேசப்பட்டவங்க. ஒருத்தர் காத்திருந்தார், ஒருத்தர் கிளம்பினார், ஒருத்தர் கிளம்ப நினைச்சுட்டு இருந்துட்டார்.

ஃபோடன்: காத்திருந்தார், ஆனா வளர்ந்துகிட்டே காத்திருந்தார்

"பொறுத்தார் பூமி ஆள்வார்"னு சொல்றவங்க எல்லாரும் காட்டுற உதாரணம் ஃபோடன். லோன்ல கூட எங்கயும் போகல, ஒரே கிளப். 2023-24ல இங்கிலாந்து ப்ரீமியர் லீக்கோட சிறந்த வீரர்.

ஆனா அவர் எப்படிக் காத்திருந்தார்னு பாருங்க. லீக்ல அவர் ஆடின மேட்ச் எண்ணிக்கை இதுதான்:

- 2017-18: 5
- 2018-19: 13
- 2019-20: 23
- 2020-21: 28

ஒவ்வொரு வருஷமும் ஏறியிருக்கு. அதோட, அவரோட இடத்துல ஆடின சீனியர் டேவிட் சில்வா 2020-ல கிளப்பை விட்டுக் கிளம்பினார். அதாவது கூடிட்டே போற எண்ணிக்கையும் இருந்தது, காலியாகப் போற நாற்காலியும் இருந்தது. நம்ம பாஷையில சொன்னா இது ஆர்.டி. மாதிரி. மாசாமாசம் பாஸ்புக்ல ஏறுறது தெரியுது. அப்போ காத்திருக்கிறதுல தப்பே இல்ல.

சாஞ்சோ: கிளம்பினார், ஜெயிச்சார், அப்புறம்?

சாஞ்சோவுக்கு 17 வயசுல சிட்டி புது காண்ட்ராக்ட் நீட்டினாங்க. மெயின் டீம்ல எனக்கு இடம் எங்கன்னு அவருக்குத் தெரியல. கையெழுத்துப் போடல. 2017 ஆகஸ்ட் கடைசி நாள் டார்ட்மண்ட் போனார். செய்திகள்ல வந்த தொகை சுமார் 8 மில்லியன் பவுண்டு.

அங்க முதல் சீசன்ல 12 லீக் மேட்ச். அடுத்த சீசன்ல 34. அதாவது லீக்ல ஒரு மேட்ச் கூட விடல. 18 வயசுல இங்கிலாந்து தேசிய அணி. 2021-ல மான்செஸ்டர் யுனைடெட் அவரை 73 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினாங்க.

இங்கதான் நிறைய பேர் கதையை நிறுத்திடுவாங்க. நான் அடுத்த பக்கத்தையும் படிக்கச் சொல்றேன். யுனைடெட்ல லீக் மேட்ச் எண்ணிக்கை 29, 26, அப்புறம் வெறும் 3. மேனேஜரோட பிரச்சினை வந்து 2024 ஜனவரியில டார்ட்மண்டுக்கே லோன்ல திரும்பிப் போனார். அதுக்கப்புறம் செல்சிக்கும் லோன், ஆஸ்டன் வில்லாவுக்கும் லோன்.

முதல் தடவை மாறினப்போ "எனக்கு ஆட இடம் இருக்கா?"ங்கிற கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தது. ரெண்டாவது தடவை தொகைதான் பெரிசா இருந்தது. இன்னொரு விஷயமும் நிறைய பேருக்குத் தெரியாது. அந்த 73 மில்லியன் ப்ளேயர் பாக்கெட்டுக்குப் போறதில்ல. அது ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கட்டுற விலை. ப்ளேயருக்கு வர்றது சம்பளமும், கையெழுத்துப் போடும்போது பேசின தொகையும்தான். "பையன் 50 கோடிக்குப் போனான்"னு கேட்டா, அந்த 50 கோடி பையனோடது இல்லன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

ஹட்சன்-ஒடோய்: சம்பளம் ஏறிச்சு, மேட்ச் ஏறல

இவரோட கதைதான் அந்த அப்பாவோட மெயிலுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு.

2019 ஜனவரியில பேயர்ன் மியூனிக் இவரைக் கேட்டாங்க. 35 மில்லியன் பவுண்டு வரைக்கும் தரத் தயார்னு செய்தி வந்தது. இவரும் போறேன்னு எழுதிக் கொடுத்தார். செல்சி விடல. அதே ஏப்ரல்ல குதிகால் தசைநார் கிழிஞ்சு பெரிய காயம். அது யாரோட தப்பும் இல்ல. செப்டம்பர்ல செல்சியோடயே 5 வருஷ புது காண்ட்ராக்ட். சம்பளம் பல மடங்கு கூடுச்சுன்னு அப்போ எல்லாப் பத்திரிகையும் எழுதினாங்க.

லீக் மேட்ச் எண்ணிக்கை:

- 2018-19: 10
- 2019-20: 22
- 2020-21: 23
- 2021-22: 15

முதல் ரெண்டு வரியில ஃபோடனுக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசமே இல்ல பாருங்க! 2020 வரைக்கும் "இருந்தது சரியான முடிவு"ன்னுதான் யாரும் சொல்லியிருப்பாங்க. மூணாவது வரியில எண்ணிக்கை நின்னுடுச்சு. நாலாவதுல இறங்கிடுச்சு. 2022-ல லெவர்குசனுக்கு லோன். 2023-ல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வாங்கினப்போ செய்திகள்ல வந்த தொகை சுமார் 3 மில்லியன் பவுண்டு. காண்ட்ராக்ட்ல ஒரு வருஷம்தான் பாக்கி இருந்ததும் விலை இறங்க ஒரு காரணம். ஃபாரஸ்ட்ல போனதும் ரெகுலரா ஆட ஆரம்பிச்சார், முதல் சீசன்லயே 8 லீக் கோல். திறமை எங்கயும் போகல. போனது வருஷங்கள்.

நான் சொல்ல வர்ற ஒரே விஷயம் இதுதான்: காத்திருக்கிறது இலவசம் இல்ல. அது ஒரு செலவு. ஆனா யாரும் அந்தச் செலவுக்கு பில் தர்றதில்ல, அதனால அது கணக்குல வர்றதே இல்ல. சம்பளம் ஏறுச்சுன்னா அந்தச் செலவு இன்னும் நல்லா மறைஞ்சுடும்.

இதை நானே அனுபவிச்சிருக்கேன். சி.ஏ. முடிச்சதும் ஒரு ஆடிட் ஃபர்ம்ல சேர்ந்தேன். "அடுத்த வருஷம் டாக்ஸ் டீமுக்கு மாத்தறோம்"னு சொன்னாங்க. ஒவ்வொரு ஏப்ரலும் இன்க்ரிமென்ட் வந்தது. வேலை மட்டும் அதே ஸ்டாக் எண்ணுறது, அதே வவுச்சர் டிக் அடிக்கிறது. மூணு வருஷம் கழிச்சு வெளியில இன்டர்வியூ போனப்போதான் புரிஞ்சது, என் ரெஸ்யூமேல மூணு வருஷ அனுபவம் இல்ல, ஒரு வருஷ அனுபவம் மூணு தடவை இருக்குன்னு. எனக்கு இன்னும் 30 வருஷ சர்வீஸ் இருந்தது, சமாளிச்சுட்டேன். ஃபுட்பால் ப்ளேயருக்கு மொத்தமே 15 வருஷம்தான், அதுவும் காயம் இல்லாம இருந்தா. அவனுக்கு மூணு வருஷம்னா கேரியர்ல அஞ்சுல ஒரு பங்கு.

கிளப்போட புக்ல நீங்க யாரு?

இது என் ஏரியா, கொஞ்சம் கவனமாப் படிங்க.

ஒரு கிளப் 50 மில்லியன் கொடுத்து ஒரு ப்ளேயரை 5 வருஷ காண்ட்ராக்ட்ல வாங்குதுன்னு வைங்க. அந்த 50 மில்லியன் ஒரே வருஷத்துல செலவாகாது. வருஷத்துக்கு 10 மில்லியன்னு 5 வருஷம் எழுதுவாங்க. இதுக்குப் பேர் அமார்டைசேஷன். 3 வருஷம் கழிச்சு புக்ல அந்த ப்ளேயரோட மதிப்பு 20 மில்லியன். அப்போ 30 மில்லியனுக்கு வித்தா லாபம் 10.

அதே கிளப்பே சின்ன வயசுல இருந்து வளர்த்த பையன்னா? அவனை யார்கிட்டயும் வாங்கல. புக்ல மதிப்பு பூஜ்யம். 30 மில்லியனுக்கு வித்தா 30-ம் லாபம்!

ப்ரீமியர் லீக்ல 3 வருஷத்துக்கு 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக்கூடாதுன்னு ஒரு விதி பல வருஷமா இருந்தது. அந்த விதிக்குள்ள வர்றதுக்கு, சொந்தமா வளர்த்த பையனை விக்கிறதுதான் கிளப்புக்குச் சுலபமான வழி. அதே சமயம் 60 மில்லியன் கொடுத்து வாங்கின ஆளை பெஞ்ச்ல உட்கார வைக்க எந்த மேனேஜருக்கும் மனசு வராது. அதாவது உங்க பையனை கிளப் "நம்ம வீட்டுப் புள்ள"ன்னு சொல்றது பொய்யா இருக்கணும்னு அவசியமில்ல. ஆனா கணக்குப் புத்தகம் வேற பாஷை பேசும்.

கோல் பாமர் நல்ல உதாரணம். எட்டு வயசுல இருந்து சிட்டி. 2022-23ல 14 லீக் மேட்ச், பெரும்பாலும் சப்ஸ்டிட்யூட்டா. 2023 செப்டம்பர் 1-ந் தேதி சுமார் 40 மில்லியன் பவுண்டுக்கு செல்சி போனார். சிட்டி புக்ல அது கிட்டத்தட்ட முழுக்க லாபம். பாமர் புக்ல? முதல் சீசன்லயே 22 லீக் கோல், வருஷத்தோட சிறந்த இளம் வீரர் விருது. 2024 யூரோ ஃபைனல்ல காத்திருந்த ஃபோடன் ஆரம்பத்துல இருந்தே ஆடினார். கிளம்பின பாமர் சப்ஸ்டிட்யூட்டா வந்து இங்கிலாந்தோட ஒரே கோலைப் போட்டார். ரெண்டு வழியிலயும் அந்த மைதானத்துக்கு வர முடியும். வழியைத் தேர்ந்தெடுக்கிற விதம்தான் முக்கியம்.

நடுவுல ஒரு வழி: லோன்

நம்ம சேனல்ல லோன்னா பேங்க் லோன்தான். இங்க அர்த்தம் வேற. காண்ட்ராக்ட் உங்க கிளப்போடயே இருக்கும், ஒரு சீசன் இன்னொரு கிளப்புக்குப் போய் ஆடிட்டு வருவீங்க. கொல்கத்தா ஃபைனல்ல கோல் போட்ட மார்க் கேஹி இப்படித்தான் செல்சியில இருந்து ஸ்வான்சீக்குப் போய் ஆடினார். திரும்பி வந்து பெஞ்ச்ல உட்காரல, 2021-ல கிறிஸ்டல் பேலஸுக்கு மாறிட்டார். 2025 மே மாசம் அந்த கிளப் எஃப்.ஏ. கோப்பையை ஜெயிச்சப்போ கேப்டன் அவர்தான்.

லோன் நல்லது, ஒரே நிபந்தனை: போற இடத்துல ஆட இடம் இருக்கணும். பெஞ்ச் மாத்துறதுக்காக லோன் போறது, ஒரு கிரெடிட் கார்டு பாக்கியை இன்னொரு கார்டுல கட்டுற மாதிரி.

கையெழுத்துக்கு முன்னாடி 5 கேள்வி

1. போன ரெண்டு சீசன்ல ஆடின நிமிஷம் ஏறுதா, நிக்குதா, இறங்குதா? எண்ணி எழுதுங்க. ட்ரெய்னிங்ல பாராட்டினாங்க, கோச் தோள்ல தட்டினார், இதெல்லாம் கணக்குல சேராது.

2. உங்க இடத்துல ஆடுறவர் வயசு என்ன, காண்ட்ராக்ட் எப்போ முடியுது? அவருக்கு 33-ன்னா காத்திருக்கலாம். 23 வயசு, இன்னும் 4 வருஷம் பாக்கின்னா அந்த நாற்காலி காலியாகாது.

3. காண்ட்ராக்ட் எத்தனை வருஷம்? நீளமான காண்ட்ராக்ட் பாதுகாப்பு மாதிரி தெரியும். கிளப்புக்கும் அது பிடிமானம்தான். 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு 3 வருஷத்துக்கு மேல காண்ட்ராக்ட் போடக்கூடாதுன்னு ஃபிஃபா விதியே இருக்கு. கடைசி 6 மாசத்துல வேற கிளப்போட நீங்க நேரடியாப் பேசலாம்.

4. வெளிய வர வழி எழுத்துல இருக்கா? இதுக்குப் பேர் ரிலீஸ் கிளாஸ். இவ்வளவு தொகை வந்தா விட்டுடணும்னு முன்னாடியே எழுதிக்கிறது. ஹாலண்ட் டார்ட்மண்ட்ல சேரும்போது இப்படி ஒரு கிளாஸ் இருந்தது. 2022-ல சிட்டி அந்தத் தொகையைக் கொடுத்துதான் அவரைக் கூட்டிட்டுப் போனாங்க. கூடவே, வளர்த்த கிளப்புக்குத் தர வேண்டிய பயிற்சி இழப்பீடு எவ்வளவு வரும்னும் கேளுங்க. 23 வயசு வரைக்கும் நாடு விட்டு நாடு மாறினா இது வரும். சின்ன கிளப் இதுக்குப் பயந்தே பின்வாங்கலாம்.

5. "வாய்ப்பு தர்றோம்"ங்கிறதை யார் சொன்னாங்க? கோச் மாறினா வாக்கும் மாறும். காண்ட்ராக்ட்ல இல்லாத வாக்குறுதிக்கு என் புக்ல மதிப்பு பூஜ்யம்.

ஒரு தகவல்: பயிற்சிக் காலம் முடிஞ்ச ஒரு ப்ளேயர், ஒரு சீசன்ல கிளப்போட அதிகாரப்பூர்வ மேட்ச்கள்ல 10 சதவீதத்துக்கும் குறைவா ஆடியிருந்தா, அந்தக் காரணத்தைச் சொல்லியே காண்ட்ராக்ட்டை முடிச்சுக்க ஃபிஃபா விதியில வழி இருக்கு. சீசனோட கடைசி மேட்ச் முடிஞ்ச 15 நாளுக்குள்ள செய்யணும், நிபந்தனைகளும் இருக்கு. வக்கீல் இல்லாம இதுல இறங்காதீங்க. ஆட விடாம வச்சிருக்கிறதையே ஒரு இழப்பா விதியே பார்க்குதுன்னு காட்டத்தான் சொன்னேன்.

அந்த அப்பாவுக்கு நான் எழுதின கணக்கு

முதல் 2 வருஷத்தை மட்டும் ஒப்பிடுவோம். இருந்தா 60,000 × 24 = 14.4 லட்சம். போனா 35,000 × 24 = 8.4 லட்சம். வித்தியாசம் 6 லட்சம். சின்னத் தொகை இல்ல, ஒத்துக்கிறேன்.

இப்போ நிமிஷத்தைப் போடுவோம். இருந்தா சீசனுக்கு 300 நிமிஷம்னு வைங்க, இப்போ கிடைக்கிறதை விட அதிகமாவே வச்சிருக்கேன். ரெண்டு சீசனுக்கு 600. போனா சீசனுக்கு 1,800, மொத்தம் 3,600. கூடுதலா 3,000 நிமிஷம். 6 லட்சத்தை 3,000-ஆல வகுத்தா, ஒரு நிமிஷத்துக்கு 200 ரூபாய். அந்த விலைக்கு உங்க பையன் 19-லிருந்து 21 வயசு வரைக்கும் ஆடுற அனுபவத்தை வாங்குறான். இன்ஜினியரிங் படிக்க வைக்க அதை விட அதிகமாக் கட்டியிருப்பீங்க இல்லையா?

ஆனா இ.எம்.ஐ. காத்திருக்காது. 35,000-ல 18,000 வீட்டுக்குப் போனா அவன்கிட்ட 17,000 மிஞ்சும். அதனால நான் சொன்ன வரிசை இது:

முதல்ல இப்போ இருக்கிற கிளப்கிட்ட ஒரு சீசன் லோன் எழுத்துல கேளுங்க. சம்பளமும் பெருசா குறையாது. விடலைன்னா, 3 வருஷ காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடாதீங்க. 22 வயசுல ஆடாத ப்ளேயரா வெளிய வர்றது, 60,000 ரூபாய் சம்பளத்தை விட ரொம்ப காஸ்ட்லி. புது கிளப்ல ரூம், சாப்பாடு, மருத்துவச் செலவு யார் தர்றாங்க, காயம் பட்டா சம்பளம் வருமான்னு கேளுங்க. போன வருஷம் ப்ளேயர்களுக்குச் சம்பளம் தேதிக்கு வந்ததான்னு அங்க ஆடுற ரெண்டு பசங்ககிட்டயே விசாரிங்க. காண்ட்ராக்ட் ஃபெடரேஷன்ல பதிவாகியிருக்கணும். மேட்ச்சுக்கு இவ்வளவுன்னு போனஸ் கேளுங்க, ஆட வைக்கத்தான் கூப்பிடுறாங்கன்னா அதுக்கு மறுக்க மாட்டாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல 1.5 லட்சம் தனியா எடுத்து வைங்க. மாசம் குறையப் போற 25,000 ரூபாய்க்கு அது 6 மாசம் தாங்கும்.

அவர் ஒரு வரியில பதில் போட்டார்: "பையன் ஆரம்பத்துல இருந்தே போகணும்னுதான் சொல்றான் சார், நான்தான் இ.எம்.ஐ.யைப் பார்த்துப் பயந்தேன்." அந்தப் பயம் நியாயமானதுதான். அதுக்கு ஒரு தொகையை எழுதிட்டா, அதைச் சமாளிக்க வழி தேடலாம்.

உங்களுக்கும் இதே கணக்குதான். ஒரு பேப்பர் எடுங்க. போன மூணு வருஷத்துல ஒவ்வொரு வருஷமும் புதுசா என்ன வேலை கத்துக்கிட்டீங்கன்னு வருஷத்துக்கு ஒரு வரி எழுதுங்க. மூணு வரியும் வேற வேறயா இருந்தா தாராளமா இருங்க, நீங்க ஃபோடன். மூணும் ஒண்ணா இருந்தா, இன்க்ரிமென்ட் லெட்டரைப் பார்த்து சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க. அந்த மூணு வரியை கமெண்ட்ல போட்டா, அடுத்த வீடியோல சிலதை எடுத்துப் பேசலாம்.